ஓசிக்கும் விலை உண்டு பேராண்டி

எம்பிஏ ரெண்டாம் வருசம், ஸ்ட்ராட்டஜிக் மார்க்கெட்டிங்கு. அப்படித்தானப்பு சொன்ன? அது என்னடான்னு கேட்டதுக்கு செக்மென்டேசன், டார்கெட்டிங்கு, பொசிசனிங்குன்னு மூணு பேரச் சொன்ன. குலசாமி கோயில்ல புதுசா மூணு துணைச்சாமி சேந்துருக்கும்போலன்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

அதுக்கப்பறம் நாலு 'பி'யாம். சரக்கு, விலை, எடம், விளம்பரம். மெக்கார்த்தின்னு ஒரு அமெரிக்க வாத்தியார் 1960ல சொன்னதாம். நல்ல வாத்தியார்தான், கொறை சொல்லல. ஆனா நம்ம மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு நடை நடந்து பாரு. ஜிகர்தண்டாக் கடைக்குக் கடை போர்டுல 'பேமஸ்'னு போட்டிருப்பாய்ங்க. ஒரு பய 'சுமார் ஜிகர்தண்டா'ன்னு போட மாட்டேங்கிறான். அந்த எடம் காலியாத்தான் கெடக்கு. பொசிசனிங்கு படிச்ச ஒங்க கூட்டத்துல எவனாச்சும் போயிப் புடிங்கப்பா.

சரி, விசயத்துக்கு வாரேன். ஒம் பையில ஒரு கட்டுக் காயிதம் கெடந்துச்சே, கேஸ் ஸ்டடின்னு. ஹார்வர்டுல மார்க்கெட்டிங் சொல்லிக் குடுத்த கஸ்தூரி ரங்கன் 1993ல எழுதுனதுன்ன. காப்பிக்கு இம்புட்டுன்னு காசு குடுத்து வாங்கணுமாம். யாரப் பத்திடான்னா, மதுரை அரவிந்த் கண்ணாஸ்பத்திரியப் பத்தி! அண்ணா நகர்ல நடந்த சங்கதி பாஸ்டனுக்குப் போயி, இங்கிலீசு கத்துக்கிட்டுத் திரும்பி வந்து ஒனக்குப் பரீட்ச வைக்கிது. நீ ஒரு டவுன் பஸ்ஸு தூரத்துல இருக்க. எட்டிப் பாத்தியான்னா, "சப்மிசன் இருக்கு தாத்தா"ங்கிற.

எனக்கு வலது கண்ணுல பொரை விழுந்து அங்கதான் எடுத்தாக. அதனால ஒன்னய விடக் கொஞ்சம் தெரியும், கேளு. அத ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரரு. முடக்குவாதத்துல கைவெரல் பூராம் கோணிப் போச்சு. அந்தக் கையிலயே கத்தி புடிச்சுப் பழகி, சர்க்கார் வேலையில ரிட்டையர் ஆகி, 1976ல 11 படுக்கைய வச்சு ஆரம்பிச்சாரு. அமெரிக்காவுல மெக்டொனால்ட்ஸ் பர்கர் கடையப் பாத்துட்டு, 'எந்த ஊர்ல தின்னாலும் ஒரே தரமா, மளமளன்னு குடுக்குறானே, கண் வைத்தியத்த ஏன் அப்படிச் செய்யக் கூடாது'ன்னு யோசிச்ச மனுசன். நீங்களுந்தான் பர்கர் கடைக்குப் போறீக. போட்டோப் புடிச்சுப் போட்டுட்டு வந்துர்றீக.

இப்ப ஒங்க நாலு 'பி'க்கு ஒரு கணக்குக் குடுக்குறேன், போடு. ஊருக்குள்ளயே கண் கேம்பு, அதனால எடத்துக்குப் பஞ்சமில்ல. சரக்கு நல்ல சரக்கு. மைக்கு கட்டி ஊரெல்லாம் சொல்லியாச்சு. விலை? சுத்தமா ஓசி. அப்பவும் பொரை விழுந்த கெழவி திண்ணைய விட்டு எந்திரிக்கல. ஏன்?

புஸ்தகத்தப் பொரட்டாத, எங்கிட்டக் கேளு. ஆப்பரேசனுக்கு மதுரைக்குப் போயிவரப் பஸ் காசு வேணும். தொணைக்கு வார மகனுக்கு ரெண்டு நாள் கூலி போகும். அங்கன சோத்துக்கு என்ன வழி? ஆட்ட யாரு அவுத்து விடுவா? அதுக்கு மேல, 'கண்ண நோண்டி எடுத்துருவாய்ங்களாம்டீ'ங்கிற பயம். ஓசி ஆப்பரேசனுக்கு அவ குடுக்க வேண்டிய விலை இம்புட்டு!

அந்த விலைய அரவிந்த் ஆஸ்பத்திரிக்காரவுக ஒண்ணொண்ணா எறக்குனாக. கேம்புல பொரைன்னு தெரிஞ்சா அன்னைக்கே பஸ்ஸுல ஏத்திக்கிட்டுப் போறது, சோறு போட்டு, படுக்கப் பாய் குடுத்து, ஆப்பரேசன் முடிச்சு, ஊருல கொண்டாந்து விடுறது. ஒரே ஊர்க்காரிக நாலு பேரு ஒண்ணா ஏறுனதும் பயம் பாதி கழண்டு போகும், மகனும் வேலைக்குப் போகலாம். அப்பறம் விளம்பரம். கண்ணு தெரிஞ்சு திரும்பி வந்த எங்க தெருக் கெழவி, மருமக கொழம்புல எண்ணெயக் கொறச்சத அன்னைக்கே கண்டுபுடிச்சு நாலு தெருவுக்குச் சொன்னா. அடுத்த கேம்புக்கு மாமியாருக அம்புட்டுப் பேரும் வரிசையில நின்னாளுக.

ஒங்க செக்மென்டேசன் இருக்கே, அதையும் அந்த ஆஸ்பத்திரியிலதான் பாத்தேன். எந்த ஊர்லயும் ஏழை யாருன்னு கண்டுபுடிக்க ரேசன் கார்டக் கேப்பாய்ங்க, வருமானச் சான்று கேப்பாய்ங்க. அங்க அந்தக் கேள்வியே இல்ல. காசு கட்டுற பக்கம் ஒண்ணு, கட்டாத பக்கம் ஒண்ணு, எங்க போறதுன்னு நீயே முடிவு பண்ணிக்க. டாக்டர்மாரு ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பாக்குறாக. வித்தியாசம் கட்டில்லயும் ஏசியிலயுந்தான் பெருசாத் தெரியும். எங்கூர்ல ஒரு பெரிய வீட்டுக்காரரு, முட்டைக்காரிகிட்ட எட்டணாவுக்கு மல்லுக்கட்டுற ஆளு, மறு பேச்சு பேசாம காசு கட்டி ஏசி ரூமுக்குப் போனாரு. பாயில படுத்துக் கெடக்குறத சம்மந்தி பாத்துட்டா? அந்த வீம்பு கட்டுற பணத்துலதான் பாய்க்காரன் செலவு ஓடுது. மனுசனோட ரோசத்த இம்புட்டுச் சரியா எடை போட்டவுகள நான் பாத்ததில்ல. நான் எந்தப் பக்கம் படுத்தேன்னு கேக்காத.

முந்தியெல்லாம் ஓசியில ஆப்பரேசன் பண்ணுனவனுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான். உள்ள வைக்கிற லென்சு வெளிநாட்டுச் சரக்கு, ஏழைக்கு எட்டாத விலை. 1992ல ஆரோலேப்னு ஒண்ணு தொடங்கி அந்த லென்ச இங்கயே செஞ்சாக. இன்னைக்கு நூறு நாட்டுக்கு மேல போகுது. மதுரைன்னா மல்லிப்பூ மட்டும்னு நெனைக்கிறவுகளுக்கு இதையும் சொல்லு.

இனி ஒன் புராஜெக்டு. 'அரவிந்த் வெற்றிக்குக் காரணங்கள்'னு தலைப்பு வச்சிருக்கியாமே. பஸ்ஸுல ஏறுனவுக கதைய ஹார்வர்டே எழுதி வித்துட்டான், நீ எதுக்குத் திரும்ப எழுதணும்? வர்ற ஞாயித்துக்கெழமை நம்மூரு பள்ளிக்கூடத்துல கேம்பு இருக்கு. கழுத்து டைய ஆணியில மாட்டிட்டு வெள்ளனவே போயி வாசல்ல நில்லு. பொரைன்னு சீட்டு எழுதிக் குடுத்த பெறகும் பஸ்ஸுல ஏறாம வீட்டப் பாக்கத் திரும்புறவுக இருப்பாக. அவுகள மறிச்சு, 'ஏன் ஆத்தா போகல'ன்னு கேட்டு, சொல்றத சொல்றபடி எழுதிட்டு வா. ஒங்க காலேஜு டிக்கு அடிக்கிற பாரத்த மட்டும் வெளிய எடுத்துறாத. முதியோர் பென்சனுக்கு எழுத வந்திருக்கான்னு ஊரே ஆதார் அட்டையத் தூக்கிக்கிட்டு வந்துரும்.