கணினியார் ஒழுகலாறு: ஒரு கள ஆய்வு

கார்ப் பந்தய வீடியோ கேம்களில் நம்மோடு ஓடும் ஆளில்லாத கார்களின் குணநலன்களை முறைப்படி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம்: என் வீட்டுக் கூடம். ஆய்வுக் கருவி: யாரும் தொடாமலே வலப்பக்கம் இழுக்கும் பழைய கன்ட்ரோலர். ஆய்வு நேரம்: பெரும்பாலும் வீட்டார் உறங்கிய பின். துணை ஆய்வாளராக என் ஒன்பது வயது மகன் பணியாற்றினான். முடிவுகளில் எங்களுக்குள் கருத்தொற்றுமை ஏற்படவில்லை என்பதையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

முதலில் பெயர்ச் சிக்கல். என் தலைமுறை ‘கம்ப்யூட்டர் வண்டி’ என்றது. மகன் ‘பாட்’ என்கிறான். கலைச்சொல் குழப்பத்தைத் தவிர்க்க, இக்கட்டுரை முழுவதும் ‘கணினியார்’ என்றே வழங்கப்படும். ‘ஆர்’ விகுதி மரியாதை கருதிச் சேர்த்ததன்று, பயத்தினால்.

ஆதியில் கணினியார் சாதுவாகத்தான் இருந்தார். 1982இல் வந்த ‘போல் பொசிஷ’னில் அவர் வெறும் இடைஞ்சல். நடுரோட்டில் படுத்திருக்கும் மாட்டுக்கும் அவருக்கும் ஒரே வேறுபாடு, அவர் நகர்வார். 1991இல் ‘ரோட் ராஷ்’ வந்ததும் கை ஓங்கக் கற்றுக்கொண்டார். அதன் கம்ப்யூட்டர் வடிவத்தைப் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து ஆடி, பக்கத்தில் பைக் ஓட்டி வருகிறவரிடம் சங்கிலியால் அடி வாங்கிய அனுபவம் இவ்வாய்வாளருக்கு உண்டு. அது நேருக்கு நேர் விரோதம், அதில் ஒரு கண்ணியம் இருந்தது என்பது இப்போதுதான் புரிகிறது.

சூழ்ச்சி தெளிவாகத் தெரிவது 1992இன் ‘சூப்பர் மாரியோ கார்ட்’டில். அதில் மனிதருக்கு ஆயுதம் வேண்டுமென்றால் தரையிலுள்ள கேள்விக்குறிக் கட்டத்தின் மேல் ஏறிப் போக வேண்டும். கிடைப்பது ஒன்று, அதுவும் அதிர்ஷ்டப்படி. கணினியாருக்கு இந்தக் கட்டங்கள் தேவையே இல்லை. அவர் ஓட்டும் பீச் இளவரசி நினைத்தபோதெல்லாம் நச்சுக் காளானை வீசுவார். மிதித்தால் நம் வண்டி சுண்டெலி அளவுக்குச் சுருங்கிவிடும். அந்தக் காளான் மனிதரின் கைக்குக் கடைசிவரை கிடைக்காது. நமக்கு ரேஷன் கார்டு, அவருக்குக் குடோன் சாவி.

இனி ஆய்வின் மையப் பொருளுக்கு வருவோம்: ரப்பர் பேண்ட். கணினியாரின் வேகம் அவர் வண்டியின் இன்ஜினைப் பொறுத்ததென்று நம்புவது அப்பாவித்தனம். பல விளையாட்டுகளில் அது நமக்கும் அவருக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது. நாம் விலகிப் போனால் அவருக்கு வேகம் கூடும், பின்தங்கினால் குறையும். இதைச் சோதிக்க, பெயர் சொல்ல விரும்பாத ஒரு விளையாட்டில் ஏழாம் எண் சிவப்புக் காரைத் தேர்ந்து மூன்று சோதனைகள் செய்தேன். முதலாவதில், எங்கும் முட்டாமல் என் வாழ்நாளின் மிகச் சிறந்த சுற்றை ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் அதே சிவப்புக் கார், கடன் கொடுத்தவர் போல அதே இடைவெளியில். இரண்டாவதில், பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். திரும்ப ஓட்டத் தொடங்கி ஒன்றரைச் சுற்றுக்குள் எல்லாரையும் எட்டிவிட்டேன். கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய சொந்தக்காரர்கள் தெருமுனையில் நின்று ‘வா, சேர்ந்தே போவோம்’ என்பதுபோல அத்தனை பேரும் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவதில் கடைசி வளைவில் தடுப்புச் சுவரைத் தொட்டேன், அவ்வளவுதான். ஏழாம் எண் ஜெயித்தது.

விளையாட்டைச் செய்தவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. தனியே முன்னால் போகிறவனுக்கு வெறுஞ்சாலை அலுக்கும். தனியே பின்னால் கிடப்பவன் சுவிட்சை அணைத்துவிடுவான். எனவே கணினியார் ஜெயிப்பதற்காக வைக்கப்பட்டவரல்லர். மூச்சு வாங்க வைத்துத் தோற்பதே அவர் உத்தியோகம். பேரனோடு தாயம் ஆடும் தாத்தாவின் உத்தியோகமும் அதுதான். ஆனால் தாத்தா தாயக்கட்டையை மாற்றி உருட்டுவது பேரனுக்குத் தெரிந்துவிட்டால் ஆட்டம் கெட்டது. ரகசியம் தெரிந்தவர்கள் முதல் இரண்டு சுற்றை வீணாகப் பாடுபட்டு ஓட்டுவதில்லை. பின்னாலேயே போய்க் கடைசிச் சுற்றில் தாவுகிறார்கள். நானும் அப்படித்தான். கேவலமாக இருக்கிறது, ஆனால் பலிக்கிறது.

இதற்கு எதிர்முகாம் 1997இன் ‘கிரான் டூரிஸ்மோ’. அதில் கணினியார் வகுத்த தடத்திலேயே வரிசையாகப் போவார்; நாம் குறுக்கே நின்றால் இடிப்பார். சொந்த ரூட்டில் வரும் டவுன் பஸ்ஸுக்குப் பகையும் கிடையாது, பாசமும் கிடையாது. 2013இல் ‘ஃபோர்ஸா’வின் ஐந்தாம் பாகம் வேறு வழி கண்டது: நம் நண்பர் எப்படி ஓட்டுகிறார் என்று கற்றுக்கொண்டு, அவர் பெயரிலேயே ஒரு காரை நம் பந்தயத்தில் ஓடவிட்டது. நண்பர் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது இங்கே நம்மை இடித்துவிட்டுப் போவார்.

பின்னர் சோனி நிறுவனம் ‘கிரான் டூரிஸ்மோ’வுக்கென ‘சோஃபி’ என்ற புதிய கணினியாரை வளர்த்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன்களில் தானே ஓட்டி ஓட்டித் தேறியவர். முட்டினால் மதிப்பெண் குறையும் என்பதால் நாகரிகமும் தெரிந்தவர். 2021 ஜூலையில் தலைசிறந்த மனித ஓட்டுநர்களிடம் அணிப் பந்தயத்தில் தோற்றார். அக்டோபரில் 104க்கு 52 என்று வென்றார். ரப்பர் பேண்ட் கிடையாது. சரி, இத்தகையவரைப் பொதுமக்களிடம் எப்படிக் கொண்டுவந்தார்கள்? 2023இல், தொடக்கநிலை, இடைநிலை என்று படி போட்டு. உலகையே வென்றவரைக் கூப்பிட்டு, என் போன்றோரிடம் தோற்கப் பழகச் சொன்னார்கள்.

துணை ஆய்வாளரின் மாற்றுக் கருத்தையும் தருவது முறை. ‘அப்பா, அது ஏமாத்தல. நீ ஸ்லோவா ஓட்டற, அதான் வெயிட் பண்ணுது’ என்றான். சொன்னதோடு நிற்காமல் செட்டிங்ஸுக்குள் போய், நான் ஆறு மாதமாகப் பார்க்காத ஒரு வரியைக் கண்டுபிடித்து, அந்த ரப்பர் பேண்டை நிறுத்தினான். நியாயமான பந்தயம் தொடங்கியது. முதல் வளைவுக்குப் பிறகு ஏழு கார்களில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இரண்டாம் சுற்றின் முடிவில் கண்ணாடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. ஏழாம் எண், என்னை ஒரு முழுச் சுற்று முந்தி வந்துகொண்டிருந்தது. ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன்.

மகன் தூங்கப் போன பிறகு, செட்டிங்ஸில் அந்த வரியைத் தேடி மறுபடியும் டிக் போட்டேன்.