வருதா, அடைச்சிருக்கா, கழண்டிருக்கா?

எங்கள் வீட்டில் ஒரு பொருள் ஓடாமல் நின்றால் அதற்கென்று ஒரு சடங்கு வரிசை உண்டு. முதலில் "இது அவ்ளோதான்" என்று யாராவது அறிவிப்பார்கள். அடுத்து, புதுசு என்ன விலை என்று போனில் பார்ப்போம். அப்புறம் தவணை உண்டா என்று பார்ப்போம். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். அவர் வரப்போகிறாரே என்று அந்த இடத்தைக் கூட்டும்போதுதான் பிளக் கழன்று கிடப்பது கண்ணில் படும்.

கோயம்புத்தூர் பெரியப்பாவிடம் இந்த வரிசை செல்லாது. மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரானவர். எது நின்றாலும் அவருக்குக் கேள்வி மூன்றுதான். வருதா? அடைச்சிருக்கா? கழண்டிருக்கா? கரண்டோ தண்ணீரோ கேஸோ, வரவேண்டியது வருகிறதா. வருகிற வழி அடைத்திருக்கிறதா. ஏதாவது கழன்று தொங்குகிறதா. இதைப் பார்த்து முடிக்கும்வரை யாரும் மெக்கானிக் நம்பரைத் தேடக்கூடாது.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் பெரியம்மா லேகியத்துக்கு இஞ்சியைக் கெட்டியாக அரைத்துக்கொண்டிருந்தார். மிக்ஸி உர்ரென்று முனகி, லேசாகச் சூட்டு வாடை விட்டு, அடங்கிவிட்டது. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்த என் தம்பி மோப்பம் பிடித்துவிட்டு, "காயில் எரிஞ்சிருச்சு" என்று மரணச் சான்றிதழ் கொடுத்தான். பெரியப்பா பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைக் குப்புறக் கவிழ்த்தார். அடியில் பொட்டு மாதிரி ஒரு சிவப்புப் பட்டன்.

"ஓவர்லோடு ஆனா தானா கட் ஆயிக்கும் கண்ணு. சூடு தணியட்டும், அப்புறம் அமுக்கு."

காபி குடித்துவிட்டு வந்து அமுக்கினோம். மிக்ஸி ஓடியது. தம்பி பட்டாசு வாங்கக் கிளம்பிவிட்டான். பல மிக்ஸிகளில் இந்தப் பட்டன் உண்டு. ஆனால் அது இருப்பது அடிப்பக்கம். மிக்ஸியைத் தூக்கித் துடைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் குடும்பத்து ஆண்களுக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை.

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர். புது ஃபேன் வேண்டாம். குழாயில் தண்ணீர் நூலாக வந்தால் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றி மண்ணைத் தட்டு. ஏசி குளிரவில்லையா, ஃபில்டரில் இருக்கும் தூசியைப் பார். இதெல்லாம் அவர் போனிலேயே தீர்த்து வைக்கிற சில்லறை வழக்குகள்.

எங்கள் சென்னை வீட்டில் ஒருநாள் மெயின் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. ஒயரிங் மொத்தமும் மாற்ற வேண்டும் என்று மாடி வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெரியப்பா போனில், "எல்லாச் சின்ன சுவிட்சையும் இறக்கிட்டு மெயினைத் தூக்கு. நிக்குதா? இப்ப ஒவ்வொண்ணா மேல ஏத்து" என்றார். ஹால் நின்றது. சமையலறை நின்றது. கெய்சரை ஏற்றினேன், டப். "அதை மட்டும் இறக்கிப் போட்டுட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. அதுக்கு மேல நீ கை வச்சா உனக்கு மாலை வாங்கணும்." எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்த மனிதர். யூடியூப் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவர் எடுக்கிறவர்களிடம் நான் காணாத குணம் இது.

டொயோட்டாவின் உற்பத்தி முறையை வளர்த்தெடுத்த தைச்சி ஓனோ, 1978-ல் வெளிவந்த புத்தகத்தில், எந்தக் கோளாறானாலும் ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்கச் சொல்கிறார். அவர் காட்டும் உதாரணத்தில் இயந்திரம் நிற்கிறது. ஏன்? பளு கூடி ஃபியூஸ் போய்விட்டது. அது ஏன்? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்பு சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. அதுவும் ஏன்? வடிகட்டி மாட்டாததால் இரும்புத் துகள் உள்ளே போய்விட்டது. உலகமே மேற்கோள் காட்டும் முறையாயிற்றே என்று பெரியப்பாவிடம் விளக்கமாகச் சொன்னேன்.

"அஞ்சு எதுக்கு? எண்ணெய் வருதான்னு பாத்தா முடிஞ்சுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஃபியூஸை மட்டும் மாத்திப்போட்டு டீ குடிக்கப் போறவன் இருக்கான் பாரு, அவனுக்கு அஞ்சும் வேணும்" என்றார்.

மனிதர்கள் விஷயத்திலும் அவர் இதே மூன்று கேள்விகளைத்தான் கேட்பார். மூன்றாவதை மட்டும் சத்தமில்லாமல் கேட்பார், உறவு கெட்டுவிடும் என்று.

அக்கா மகளுக்குக் கல்யாணமான புதிது. மாப்பிள்ளை வெளியூர் வேலைக்குப் போனவர், ஒரு வாரமாகப் போனே இல்லை. நாங்கள் அடித்தாலும் போகவில்லை. வீட்டில் மாநாடு கூடியது. பந்தியில் அவருடைய மாமாவைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றாள் அத்தை. பத்திரிகையில் பெயர் வரிசை தப்பு என்றார் மாமா. யாரோ ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அவரு போனுக்கு இன்கமிங் வருதா?" என்று கேட்டார்.

வரவில்லை. ரீசார்ஜ் முடிந்து போயிருந்தது. இங்கிருந்தே பணம் போட்டோம். அரைமணி நேரத்தில் மாப்பிள்ளையே கூப்பிட்டார். நலம் விசாரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, சீராகக் கொடுத்த பீரோவின் கதவு சரியாக மூடமாட்டேன் என்கிறது, இதைச் சொல்லலாமா கூடாதா என்றுதான் யோசித்தேன் என்றார். அத்தை என்னைப் பார்த்தாள். நான் சொன்னேனில்லையா என்கிற பார்வை.

பெரியப்பா அதற்குள் டூல்ஸ் பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தார். "கீல் கழண்டிருக்கும்" என்றார்.