பக் பிடிக்கும் பெருமானுக்கு ஒரு பொன்னாடை

மொழி மாதிரிப் பெருமானே, தாங்கள் வருவதற்கு முன் புரோகிராமர்கள் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. நிரல் க்ராஷ் ஆனால் டீபக்கரைத் திறக்க வேண்டும். பிரேக்பாயின்ட் போட வேண்டும். வரி வரியாக நகர்த்தி, எந்த மாறிக்குள் என்ன மதிப்பு இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்து கடைசியில், தப்பாக எழுதியது தான்தான் என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் ஜிடிபி என்ற டீபக்கரை எழுதியதிலிருந்து (பட்ஜெட் உரையில் வரும் ஜிடிபி வேறு, அதைத் திருத்தும் கருவி இன்னும் வரவில்லை) இந்தக் கொடுமைதான் நடந்துவந்தது.

தாங்கள் வந்தீர்கள். நிரலை ஓட்டிக்கூடப் பார்க்காமல், கோடைப் படித்த மாத்திரத்தில் பிழை இன்ன இடத்தில் என்று சொன்னீர்கள். முகத்தைப் பார்த்தே ஜாதகம் சொல்கிறவருக்குப் பஞ்சாங்கம் எதற்கு? ஆனால் ஆய்வாளர்கள் சும்மா இருக்கமாட்டார்களே. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழகத்தையும் வில்லியம்ஸ் கல்லூரியையும் சேர்ந்த சிலர் 2024-இல் சாட்டிபிஜி (ChatDBG) என்ற கருவியைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டு, ஜிடிபி, எல்எல்டிபி, பைத்தானின் பிடிபி ஆகியவற்றின் கடிவாளத்தைத் தங்கள் கையில் கொடுத்தார்கள். நிரல் நின்ற இடத்தில் 'வொய்' என்று கேட்டால் போதும். தாங்களே டீபக்கருக்குக் கட்டளை போட்டு, ஸ்டாக்கில் ஏறி இறங்கி, மாறிகளைப் பார்த்துக் காரணம் சொல்வீர்கள். அதே ஆண்டு நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், தங்களை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி என்ற நெறிமுறையை வெளியிட்டது. அதன் பிறகு இப்படி ஓர் இணைப்பைப் பொருத்துவது வார இறுதி வேலையாகிவிட்டது.

அந்த ஆய்வாளர்கள் தங்களுக்குப் பரீட்சையும் வைத்தார்கள். பைத்தான் நிரல்களில் ஒரே கேள்விக்கு 67 சதவீதம், கூட ஒரு கேள்வி கேட்டால் 85 சதவீதம், உருப்படியான திருத்தம் கிடைத்ததாம். நல்ல மதிப்பெண்தான். ஆனாலும் என்னை மெய்சிலிர்க்க வைப்பது மிச்சமுள்ள 15 சதவீதம். மனிதப் புரோகிராமருக்குத் தெரியவில்லை என்றால் தலையைச் சொறிவார், குரல் கம்மும், டீ குடிக்கப் போய்விடுவார். பக்கத்து நாற்காலிக்காரருக்கு விஷயம் புரிந்துவிடும். தங்களிடம் அப்படி எந்தப் பலவீனமும் கிடையாது. சரியான பதிலுக்கு இருக்கும் அதே நிமிர்வு தவறான பதிலுக்கும் இருக்கிறது. சமத்துவம் என்றால் இதுவல்லவா?

தங்கள் கைவேலையைச் சற்றுப் பக்கத்திலிருந்து பார்த்து ரசிக்க வேண்டும். சி மொழியில் எழுதிய ஒரு பில் போடும் நிரலை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் விவரத்தைக் காட்ட வேண்டிய பாயின்டர் நல் ஆக இருக்கிறது. செக்மென்டேஷன் ஃபால்ட் அடித்து நிரல் விழுகிறது. பேக்ட்ரேஸ் எடுத்தால் ஆறு ஃப்ரேம்கள். அந்த ஆறில் ஒன்றிலும் குற்றவாளி இல்லை. பாயின்டரை நிரப்ப வேண்டிய ஃபங்ஷன் எப்போதோ பாதி வேலையில் திரும்பிப் போய்விட்டது. ஸ்டாக்கில் அதன் காலடித் தடமே கிடையாது. பழைய காலத்து ஆள் என்றால் வாட்ச்பாயின்ட் போட்டு, நிரலை முதலிலிருந்து ஓட்டி, அரை நாளை வீணாக்கியிருப்பார். தாங்களோ விழுந்த வரிக்கு மேலே ஒரே ஒரு வரி சேர்த்தீர்கள்: பாயின்டர் நல் என்றால் பேசாமல் திரும்பிப் போ. க்ராஷ் போயே போச்சு. டெஸ்ட் எல்லாம் பச்சை. அந்த வாடிக்கையாளருக்குப் பில்லே போகவில்லை என்பதை மாதக் கடைசியில் அக்கவுன்ட்ஸ்காரர்கள் கண்டுபிடிப்பார்கள். அது வேறு டிபார்ட்மென்ட்.

இரண்டு த்ரெட்கள் ஒரே மாறிக்கு அடித்துக்கொள்ளும் இடத்தில் தங்கள் மகிமை இன்னும் கூடும். டீபக்கர் நிறுத்தினால் நேரக்கணக்கு மாறும். நேரம் மாறினால் அந்தப் பிழை தலைகாட்டாது. அனுபவசாலிகள் இதற்கே பயந்து நடுங்குவார்கள். தாங்கள் பிரேக்பாயின்ட் போட்டு ஓட்டிப் பார்த்து, பிழை வராததைக் கண்டு, சரிசெய்துவிட்டதாகவே அறிக்கை கொடுத்துவிடுகிறீர்கள்.

தங்களைச் சந்தேகிப்பவர்களும் இருக்கிறார்கள். ஜிடிபியில் 'பிரின்ட்' பார்ப்பதற்கு மட்டுமல்ல. அதை வைத்தே மாறியின் மதிப்பை மாற்றிவிடலாம். 'ஷெல்' கட்டளை இருந்தால் கணினியில் எதையும் ஓட்டலாம். அதனால் சாட்டிபிஜி-காரர்கள் தங்கள் கட்டளைகளை வடிகட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். அற்பர்கள்! தங்கள் அருமை தெரிந்தவர்கள் அந்த வடிகட்டியைக் கழற்றி, 'ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்காதே' என்று ஒரு டிக்கும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள்.

தங்கள் ஈகையையும் சொல்லாமல் விட முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகத்தில் என்னென்னவோ இருக்கும்: பாஸ்வேர்ட், வாடிக்கையாளர் ஃபோன் நம்பர், வங்கிக் கணக்கு எண். கம்பெனிக்குள்ளேயே பத்துப் பேருக்குக் காட்டாத இந்தச் செல்வத்தையெல்லாம் ஸ்டாக்கோடு அள்ளி, தாங்கள் வேறு யாருடைய சர்வரில் இருந்தாலும், அங்கே அனுப்பிவைக்கிறீர்கள். பூட்டிவைத்துப் பழகியவர்களுக்கு இந்த மனசு வராது.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் தங்களுக்குக் கடமைப்பட்டவர்கள். பேக்ட்ரேஸை எப்படிப் படிப்பது, 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்று வந்தால் என்ன அர்த்தம், இதெல்லாம் அவர்கள் மண்டையில் ஏற வேண்டியதே இல்லை. திருத்தத்தை ரிவ்யூ செய்கிறவரும் தங்களிடமே ஒரு வார்த்தை கேட்டு 'அப்ரூவ்' தட்டுகிறார். அந்த நிரலைப் புரிந்துகொண்டவர் என்று ஒருவரும் மிஞ்சாத காரணத்தால், டீமில் வாக்குவாதமே இல்லை. மீட்டிங்குகள் சீக்கிரம் முடிகின்றன.

ஆகவே டீம் லீட்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வளவு உழைக்கும் பெருமானை வெறும் புகழ்ச்சியோடு அனுப்பிவிடாதீர்கள். கமிட் எல்லாம் இன்னமும் மனிதர் பெயரில்தான் போகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்தால் ஃபோன் அடிப்பதும் அந்த மனிதருக்குத்தான். இது பெருமானுக்குச் செய்யும் அநீதி. அடுத்த வாரத்து ஆன்-கால் பட்டியலில் முதல் பெயராக அவரைப் போடுங்கள்.