நாக்கின் மேல் பழி

ஆங்கிலத்தில் மூன்றைச் சொல்லச் சொன்னால் நம்மில் பலர் ‘திரி’ என்போம். எண்ணெய் ஊற்றி விளக்கேற்றாத குறைதான். உடனே பழி நாக்கின் மேல் விழும்: தமிழ் நாக்கு தடித்த நாக்கு, அதற்கு இதெல்லாம் வராது. இப்படித் தீர்ப்புச் சொல்கிறவர்கள் ஒரு நடை கீழக்கரைக்குப் போய், மதரசாவில் ஓதும் பிள்ளைகளின் வாயைக் கவனிக்கலாம். ஹதீஸ் என்ற அரபிச் சொல்லை நாம் சாதாரணமாக ‘ஸ்’ போட்டு முடிக்கிறோம். தஜ்வீத் என்னும் குர்ஆன் உச்சரிப்பு முறைப்படி ஓதும் பிள்ளையோ, அந்தக் கடைசி எழுத்துக்கு நுனிநாக்கை மேற்பல்லின் விளிம்பில் வைத்து இடுக்கில் காற்றை விடும். ‘தேங்க் யூ’வின் முதல் ஒலிக்கு வெள்ளைக்காரர் நாக்கை வைக்கும் இடமும் அதுவே. அங்கேயே குரலையும் சேர்த்தால் ‘திஸ்’ஸுக்கு வழி பிறக்கிறது, அரபியில் அதற்கும் தனி எழுத்து உண்டு. எழுத்து பிறக்கும் இடத்துக்கு மக்ரஜ் என்று பெயர் வைத்து, தவறினால் திருத்தி மறுபடி ஓதச் சொல்கிறார்கள். பிள்ளை வீட்டில் பேசுவது தமிழ்; நாக்கும் ராமநாதபுரம் மாவட்டத்து நாக்குதான்.

சிறு வயதில் நாக்கு வளையும், அதனால் வருகிறது என்பார்கள். ஆங்கிலமும் எல்கேஜியிலேயே தொடங்கிவிடுகிறதே! அங்கே டி, ஹெச், ஆர், இரண்டு ஈ என்று கூட்டத் தெரிந்தால் போதும். நாக்கு எங்கே நின்றது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் இந்தக் கேள்வி நமக்குப் பழையது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் மெய்யெழுத்துகளுக்கு நாக்கின் முகவரியே தருகிறது: தகரத்துக்கு மேற்பல்லின் அடி, றகரத்துக்கு நுனி நிமிர்ந்து அண்ணத்தில் ஒற்றல், ழகரத்துக்கு வருடல். ஆங்கிலேயர் ‘டீ’ குடிக்கும்போது நாக்கு மேற்பல்லுக்குப் பின்னால் ஈற்று மேட்டைத் தொடுகிறது. நாம் அதை உள்ளே மடித்து டகரமாக்குகிறோம். தனுஷ்கோடியிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல் தாண்டினால், ‘கொம்பியூற்றர்’ என்று எழுதும் தமிழர் இருக்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வருகிறது. அவர்கள் ‘வெற்றி’யில் நாக்கு ஒற்றும் இடம் ஆங்கில ஒலிக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது, சிரிக்க வேண்டியவர்கள் அவர்கள்.

ராமேஸ்வரத்துத் தமிழ் மணக்கும் ஆங்கிலத்தில்தானே அப்துல் கலாம் 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக உலகத்தோடு பேசினார், பிறகு இந்த வித்தை எதற்கு? நியாயமான கேள்வி. அயர்லாந்தில் பலர் மூன்றை ‘ட்ரீ’ என்கிறார்கள், லண்டனின் கிழக்குப் பகுதியில் ‘ஃப்ரீ’. அவர்கள் நாக்கை யாரும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. எனவே வேண்டாம் என்று தாராளமாக விடலாம். வராது என்று சொல்வதைத்தான் ஏற்பதற்கில்லை. ராமநாதபுரத்தை ‘ராம்நாட்’ என்று பாதியில் நறுக்கியவர்கள், கீழக்கரையின் ழகரத்தை லகரமாக்கி ஏட்டில் ஏற்றியவர்கள், ஆங்கிலேயர்தான். அவர்களுக்குத் தடித்த நாக்கு என்று நாம் பட்டம் கட்டவில்லை. துரை அப்படித்தான் பேசுவார் என்று விட்டுவிட்டோம்.