ஏடு எதிரேறிய படலம்

தொலைவிலுள்ள சர்வரோடு டெர்மினல் வழியே உறவாடுங்கால், திரையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போன வரிகள் எங்கே போகின்றன, போனவை மீளுமா என்னும் வினா, ஆன்மாவின் மறுமையைப் பற்றிய வினாவுக்குச் சற்றும் இளைத்ததன்று. ஆயினும் பூர்வ ஆசாரியர் எவரும் இதனைத் தொட்டிலராதலின், சேலையூர் ஏரிக்கருகே ஒரு வாடகை வீட்டின் மாடியிலிருந்து யான் துணிய நேர்ந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை. பழைய தரவுத்தளத்தைப் புதியதற்கு மாற்றும் வேலை மதியத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்க, சிவப்பு எழுத்தில் ஒரு வரி தோன்றி, யான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் மேலேறி மறைந்தது. மௌஸ் சக்கரத்தில் விரலை வைத்த கணத்தில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் ‘டப்’ என்றது. ரௌட்டரின் பச்சை விளக்குகள் அவிந்தன. லேப்டாப்பில் விறைத்து நின்ற ஜன்னலை ஆத்திரத்தில் மூடினேன். அதுவே மகாபாதகம் என்பது, மின்சாரமும் இணைப்பும் மீண்டு, வரி மட்டும் மீளாதபோது விளங்கிற்று.

போன வரி சர்வரில் பத்திரமாக இருக்கும் என்பது பூர்வபக்ஷம். அது பொருந்தாது. எஸ்.எஸ்.ஹெச். வழியே எழுத்துக்களை அனுப்பிய சர்வர், கடிதத்தைச் சேர்த்துவிட்ட தபால்காரனைப் போல் அப்பொழுதே அவற்றை மறந்துவிடுகிறது. மேலே போனவற்றைத் திரட்டி வைத்திருப்பது நம் மேசைமேலுள்ள டெர்மினலின் நினைவகமேயாதலால், ஜன்னலை மூடியவன் தன் ஏட்டைத் தானே கொளுத்தியவனாகிறான். 1978-இல் வந்த விடி-100 முனையத்திற்கோ 24 வரிகளே உலகம். அதற்கு மேலே போனது போனதுதான்.

“என்ன சார், டீமக்ஸ் போடலையா?” என்றார், மெப்ஸ் தொழில் வளாகத்தில் வேலை பார்க்கும் கீழ்வீட்டுத் தம்பி. சித்தாந்தம் அவர் வாயிலிருந்தே பிறந்தது. 1987-இல் தோன்றிய ஸ்கிரீனும், 2007-இல் தோன்றிய டீமக்ஸும், சர்வரிலேயே ஒரு காவலனை அமர்த்தி வரிகளைக் காக்கின்றன. நாம் அறுந்து விழுந்தாலும் வேலை தொடரும், திரும்பிச் சென்று ஒட்டிக்கொள்ளலாம். 2012-இல் வந்த மோஷ், அறுந்த இணைப்பைத் தானே ஒட்டவல்லதாயினும், நிகழ்காலத் திரையொன்றே சத்தியம் என்று சாதிக்கும் மாயாவாதி. மேலே போனதை அது கணக்கில் கொள்வதில்லை.

காவலன் உள்ளவிடத்தும் கிரியை தெரிந்தாலன்றிப் பயனில்லை. டீமக்ஸினுள் பழைய வழக்கப்படி சக்கரத்தைச் சுழற்றினால் பெரும்பாலும் முன்பு அடித்த கட்டளைகளே வந்து நிற்கும். கண்ட்ரோலும் பி-யும் சேர்த்தழுத்தி, விட்டு, திறக்கும் சதுர அடைப்புக்குறியை அழுத்தினாலே வரிகள் பின்னோக்கி வரும். வைகைப் புனலில் சம்பந்தர் இட்ட ஏடு நீரோட்டத்தை எதிர்த்தேறித் திருவேடகத்தில் கரைசேர்ந்தது ஒரு பதிகத்தால் என்பர்; நமக்கு மூன்று விசைகள் போதுமென்பது கலியுகத்தின் சலுகை.

எனினும் எல்லா ஏடும் ஏறுவதில்லை. தில்லையில் பூட்டிக் கிடந்த அறையை நம்பியாண்டார் நம்பி திறப்பித்தபோது கறையான் தின்றது போக எஞ்சிய தேவாரமே கிடைத்ததென்றும், இக்காலத்திற்கு வேண்டுவன மட்டும் வைத்தோம் என அசரீரி எழுந்ததென்றும் சைவ மரபு கூறும். டீமக்ஸின் கறையான், நாமாக எதுவும் மாற்றாவிடில், 2000 வரிகளுக்கு மேற்பட்ட பழையவற்றைத் தின்றுவிடும். ஸ்கிரீனினுடையது நூற்றுக்கு மேல் விட்டுவைப்பதில்லை. அசரீரி மட்டும் எழுவதில்லை.

எல்லையை 50,000 என்று அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தேன். புதிதாகத் திறக்கும் ஜன்னல்களுக்கே அது செல்லும், பழையவற்றிற்குச் செல்லாது என்பதை மறுநாள் கற்றேன். பின்னர் டீமக்ஸினுள் வேலையை முதலிலிருந்து ஓட்டி, விடியும்வரை விழித்திருந்தேன். இம்முறை பிழையே வரவில்லை. ஆதலின் அந்தச் சிவந்த வரி யாது கூறிற்று என்பதற்கு எம்மிடம் பிரமாணம் இல்லை.