அஞ்சரை மணிக் காப்பி

புது வருட டைரியின் வாழ்க்கை வரலாறு அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்றுதான். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் இனாமாகக் கொடுத்த டைரியில், ஜனவரி 1 அன்று குடும்பத் தலைவர் நல்ல பேனாவாகத் தேடி எடுத்து எழுதுகிறார்: காலை ஐந்து மணிக்கு எழுவது, ஒரு மணி நேரம் நடை, யோகா, இருபது பக்கம் படிப்பு, சர்க்கரை இல்லாத காப்பி, கோபப்படாமை. 2-ம் தேதி கையெழுத்து கொஞ்சம் சாய்கிறது. 3-ம் தேதி, ‘ஜலதோஷம்’. பிறகு வெள்ளைத் தாள். பிப்ரவரி வாக்கில் டைரி சமையலறைக்குக் குடிபெயர்கிறது. அதன்பின் அதில் பால் கணக்கு, இஸ்திரிக் கணக்கு, கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி. டிசம்பர் 31 வரை ஒரு நாள்கூட விடாமல்.

தினசரிப் பழக்கம் பற்றி ஆராய வருகிறவர் அந்த வீட்டில் பேட்டி காண வேண்டியது பால் கணக்கு எழுதியவரைத்தான். ஆனால் சுயமுன்னேற்றப் புத்தகக்காரர்கள் நேராக ஹாலுக்குப் போய்த் தலைவரிடம்தான் உட்கார்கிறார்கள்.

தலைவருக்கு இத்தனை துணிச்சல் வந்ததற்குக் காரணம் அந்த 21 நாள் கணக்கு. எதையும் 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பது உலகப் பிரசித்தம். அதன் பூர்வீகம்தான் வேடிக்கை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், தம்மிடம் மூக்கைத் திருத்திக்கொண்டவர்கள் கண்ணாடியில் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று கவனித்தார். 1960-ல் ‘சைக்கோ சைபர்னெடிக்ஸ்’ என்ற புத்தகத்தில் அதை எழுதினார். கைமாறிக் கைமாறி வந்ததில் ‘குறைந்தது’ உதிர்ந்தது, மூக்கும் உதிர்ந்தது. 21 மட்டும் தங்கிவிட்டது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 96 பேரைப் பிடித்து 12 வாரம் கவனித்தார்கள். ஆளுக்கு ஒரே ஒரு சின்னப் பழக்கம். அதுவும் தினமும் நடக்கும் ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட்டது. காலை உணவுக்குப் பிறகு ஒரு தம்ளர் தண்ணீர் என்கிற மாதிரி. 2010-ல் அச்சான அந்த ஆய்வுப்படி, யோசிக்காமலே கை அந்த வேலைக்குப் போவதற்குச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254. மொத்தமே 84 நாள் நடந்த ஆய்வில் 254 எங்கிருந்து வந்தது என்றால், அந்த ஆசாமியின் கோட்டை அவர்கள் நீட்டி வரைந்து பார்த்ததில் வந்தது! தண்ணீர் குடிப்பது சுலபமாகப் படிந்தது, உடற்பயிற்சி முரண்டு பிடித்தது என்பதற்கு லண்டன் வரை போயிருக்க வேண்டாம். ஆனால் நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது என்று அவர்கள் கண்டது, 3-ம் தேதி ஜலதோஷக்காரர்களுக்கு நல்ல சேதி. நம்மூர் மண்டலக் கணக்கு 48 நாள், சபரிமலைக்கு 41. மூக்கு டாக்டரைவிட நம் பெரியவர்கள் நிதானஸ்தர்கள்.

ஜனவரித் தலைவர்களுக்கெல்லாம் மூலபுருஷர் என்று ஒருவரைச் சொல்வதானால் பெஞ்சமின் பிராங்க்ளினைத்தான் சொல்ல வேண்டும். பிலடெல்பியாவில் அச்சுக்கூடம் நடத்திய இளைஞராக இருந்தபோது, குறையே இல்லாத மனிதராகிவிடுவது என்று தீர்மானித்தார். மிதமான உணவு, மௌனம், ஒழுங்கு என்று 12 குணங்களைப் பட்டியலிட்டார். நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “உமக்குக் கர்வம் ஜாஸ்தி என்று ஊரே சொல்கிறது” என்ற பொருளில் ஏதோ சொல்ல, பணிவையும் சேர்த்து 13 ஆக்கினார். வாரத்துக்கு ஒரு குணத்தில் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று. வருஷத்துக்கு 4 சுற்று. இதற்காகவே ஒரு குட்டி நோட்டுப் புத்தகம், அதில் சிவப்புக் கோடு, தவறிய இடங்களில் கரும்புள்ளி.

புள்ளிகள் வந்தன. அடுத்த சுற்றுக்காகச் சுரண்டி அழித்தார். மறுபடியும் வந்தன. சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட்டது. அடுத்தது எவருக்கும் தோன்றாத யோசனை: தந்தத் தகடுகளாலான ஏட்டுக்கு மாறி, பென்சிலால் குறித்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். பிழையைக் குறைப்பதைவிடத் துடைப்பதைச் சுலபமாக்கிக்கொண்டவர்தான் பின்னாளில் பெரிய விஞ்ஞானியாகவும் ராஜதந்திரியாகவும் ஆனார். பொருள்களை அதனதன் இடத்தில் வைக்கும் ‘ஒழுங்கு’ மட்டும் கடைசிவரை கைகூடவில்லை. 78 வயதில் இதையெல்லாம் எழுதும்போது ஒரு கோடாலிக் கதை சொல்கிறார். கோடாலி முழுவதும் கூர்முனை மாதிரி பளபளக்க வேண்டும் என்றானாம் ஒருவன். “சாணைச் சக்கரத்தை நீயே சுற்று” என்றானாம் கொல்லன். சுற்றிச் சுற்றிக் கை வலித்ததும், “புள்ளி புள்ளியாக இருக்கும் கோடாலிதான் எனக்குப் பிடிக்கும்” என்று வாங்கிக்கொண்டு போய்விட்டானாம். பணிவைப் பற்றியும் ஒப்புக்கொண்டுவிடுகிறார்: கர்வத்தை முழுக்க ஜெயித்தாலும், அந்தப் பணிவுக்காகவே கர்வப்பட்டுவிடுவார்போல.

பிராங்க்ளின் தமக்குத் தாமே கணக்கு ஒப்படைத்தார், சிக்கல் அங்கேதான். முதல் தேதி வாசலில் வந்து நிற்கும் பால்காரர் அவருக்கு இல்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்குச் சுயமுன்னேற்ற எண்ணமே இருந்ததாகத் தெரியவில்லை. அவர் வியாபாரி. எந்தக் கப்பல் வந்தது, சரக்கு என்ன விலை போயிற்று, கவர்னர் இன்று யார்மீது எரிந்து விழுந்தார் என்று 1736 செப்டம்பரில் எழுத ஆரம்பித்தவர், 1761 ஜனவரியில் இறக்கும்வரை எழுதினார். இடையிடையே ஏடுகள் தொலைந்துபோனது போக மிஞ்சியதே ஆங்கிலத்தில் 12 தொகுதி. தொடங்கிய அன்று அவர் ஏதும் சபதம் செய்திருந்தால் ஜலதோஷம் வந்திருக்கும்.

சபதமில்லாமல் தினமும் எழுதும் இந்த ஜாதியில் தலைசிறந்தவர் ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப். தபால் துறையில் 33 வருஷம் உத்தியோகம் பார்த்தவர். 1852-ல் சானல் தீவுகளில் தெருவோரத் தபால் பெட்டி வைக்க ஏற்பாடு செய்தவர். உத்தியோகத்துக்கு நடுவிலும் அதற்குப் பின்னுமாக 47 நாவல் எழுதினார். முறை ரொம்ப எளிது. காலை 5.30-க்கு மேஜை. முன்னால் கடிகாரம். கால் மணிக்கு 250 வார்த்தை. வாரத்துக்கு எத்தனை பக்கம் என்று ஒரு நோட்டில் வரவு. எழுதாத நாளின் வெற்றிடம் அவரையே முறைத்துப் பார்க்கும். தபால் ஒப்பந்தம் பேச எகிப்துக்குக் கப்பலில் போனபோதும் விடவில்லை. கடல் கொந்தளிப்பு, எழுத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி, வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். எகிப்தில் ‘டாக்டர் தோர்ன்’ முடிந்த மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கிவிட்டார். ஒரு கதை முடிந்தால் மனசு கொஞ்சம் காற்றாட வேண்டும் என்று சொல்லும் எழுத்தாளர்கள் இந்தப் பாராவைத் தாண்டிவிடலாம்.

ஆனால் மனிதர் நேர்மையானவர். விடிகாலையில் எழுந்த பெருமையைத் தாமே வைத்துக்கொள்ளவில்லை. வால்தம் கிராஸ் வீட்டில் வயதான குதிரைக்காரர் ஒருவர் இருந்தார். டிரோலப்பை எழுப்பிக் காப்பி கொடுப்பது அவர் வேலை. அதற்கென்று ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். அத்தனை வருஷத்தில் காப்பி ஒரு தடவைகூடத் தாமதமானதில்லை. தம் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்தக் கிழவருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாக நினைக்கத் தோன்றுகிறது என்று டிரோலப்பே எழுதியிருக்கிறார். கிழவரை யார் எழுப்பினார்கள், அவருக்கு யார் காப்பி கொடுத்தார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. அந்த மனிதரைப் பற்றி ஒரு சுயமுன்னேற்றப் புத்தகம் வந்தால் முதல் பிரதியை வாங்கலாம்.

டிரோலப் இறந்த பிறகு, 1883-ல் சுயசரிதை வெளியானது. கலைஞன் கடிகாரம் பார்த்தா எழுதுவான் என்று ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். போதாக்குறைக்குப் புத்தகக் கடைசியில் ஒவ்வொரு புத்தகமும் சம்பாதித்ததைப் பட்டியல் போட்டுக் கூட்டியும் வைத்திருந்தார்: 68,939 பவுண்டு, 17 ஷில்லிங், 5 பென்ஸ். வால்தம் கிராஸில் இருந்த ஏறக்குறைய 12 வருஷத்துக்குக் காப்பிக் கிழவரின் கூடுதல் சம்பளம் 60 பவுண்டு. சதவீதம் வேண்டுவோர் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் காப்பி கொண்டுவருகிறவர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.