கூரை தனி

சிசிலித் தீவின் சம்புகா நகராட்சியைப் பாராட்டியே ஆகவேண்டும். 1968 நிலநடுக்கத்துக்குப் பின் ஆளில்லாமல் கிடந்து, தன் கைக்கு வந்த பழைய கல்வீடுகளை என்ன செய்வது? குழுவும் துணைக்குழுவும் போட்டுக் காலம் தள்ளவில்லை. 2019-ல் 16 வீடுகளை ஏலம் விட்டது. ஆரம்ப விலை ஒரு யூரோ. காப்பிக் காசு! சுவர் நடுவே அத்திச்செடி முளைத்திருந்தால் தோட்டமும் சேர்த்தி. கூரை வழியே வானம் தெரிந்தால் அதற்கும் கட்டணமில்லை. 5,000 யூரோ முன்பணம், மூன்றாண்டுக்குள் சீரமைப்பு என்பதையெல்லாம் விலையோடு சேர்த்துப் பார்ப்பது சில்லறைப் புத்தி. உள்ளூர்ப் பிள்ளைகள் பிழைப்புத் தேடிக் கிளம்பிவிட்டதால் அண்டைவீட்டுத் தொல்லையும் குறைவு. 2021-ல் ஆரம்ப விலை இரண்டு யூரோ, 2024-ல் மூன்று. ஐந்தே ஆண்டில் மும்மடங்கு! தங்கம்கூட வெட்கப்படும். முந்திக்கொள்ளுங்கள், அடுத்த முறை நான்கு கேட்பார்கள்.